மூன்று ஆட்டத்துக்கு ஒரு பந்து

சாக்ரமென்டோ கிங்ஸ் ரசிகர்கள் நல்லது நடந்தாலும் சட்டென்று நம்பிவிட மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 16 சீசன் தொடர்ந்து பிளேஆஃப் பக்கமே தலைவைத்துப் படுக்காத அணி அது. என்பிஏ வரலாற்றில் அத்தனை நீண்ட வறட்சி வேறெந்த அணிக்கும் வாய்த்ததில்லை. 2023 மார்ச் 29 அன்று போர்ட்லாண்ட் அணியைத் துவைத்து எடுத்துத்தான் அந்த வறட்சியைத் தீர்த்தார்கள்.

அதே ஆட்டத்தில் இன்னொரு விசேஷமும் நடந்தது. கீகன் முர்ரே என்ற 22 வயதுப் பையன், முதல் சீசன் ஆடும் வீரர்களில் அதிக மூன்று புள்ளிக் கூடைகள் போட்டவர் என்ற சாதனையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அதற்குமுன் டோனவன் மிட்செல் 187 போட்டிருந்தார். சீசன் முடிந்தபோது முர்ரேயின் கணக்கு 206. மொத்தம் 501 தடவை எறிந்து 206 உள்ளே. விகிதம் 41.1 சதவீதம். முதல் வருடப் பையனுக்கு இது அநியாயமான எண்.

அடுத்த சீசன் தொடங்கியது. அதே கை, அதே ரிலீஸ், அதே உயரத்தில் அதே ரிங். பந்து மட்டும் உள்ளே போக மாட்டேன் என்றது. ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பும். இல்லையென்றால் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வெளியே விழும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு எழுத ஒரு மாதம்கூட ஆகவில்லை. "மச்சி, ஒரு வருஷ அதிசயம்டா இவன். அவ்ளோதான், முடிஞ்சுது" என்று ஒருவன். "எல்லாரும் இவன படிச்சுட்டாங்க மச்சி" என்று இன்னொருவன். கையில் ஏதோ அடி, வெளியே சொல்லவில்லை என்று மூன்றாமவன் ஒரு ரகசியத்தையே அவிழ்த்துவிட்டான்.

இளம் வீரர்களின் இரண்டாம் ஆண்டுச் சரிவைப் பற்றி நாம் பேசும் விதத்தில் பெரிய கோளாறு இருக்கிறது என்பது என் கட்சி. அதைச் சொல்ல முர்ரேயைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் யார்?

முர்ரே அயோவா மாநிலத்தின் சீடர் ராபிட்ஸ் ஊர்க்காரர். அப்பா கென்யன் முர்ரே 90-களில் அயோவா பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். கீகனுக்கு கிரிஸ் என்று ஒரு இரட்டைச் சகோதரர். அவரும் இப்போது என்பிஏவில்தான் ஆடுகிறார். 2023-ல் போர்ட்லாண்ட் அணி அவரை எடுத்தது. இன்று இருவரும் கோடிகளில் சம்பளம் வாங்கினாலும், பள்ளி முடித்த சமயத்தில் பெரிய கல்லூரிகள் எதுவும் இவர்களைத் தேடி வரவில்லை. ஃப்ளோரிடாவில் ஒரு பயிற்சிப் பள்ளியில் கூடுதலாக ஒரு வருடம் ஆடி, அதன்பிறகுதான் அப்பா ஆடிய அதே அயோவாவுக்குப் போனார்கள்.

அங்கே கீகனின் முதல் வருட மூன்று புள்ளி விகிதம் 30 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. இரண்டாம் வருடம் கிட்டத்தட்ட 40. அதைப் பார்த்துத்தான் 2022 டிராஃப்டில் சாக்ரமென்டோ அவரை நான்காவது ஆளாக எடுத்தது. ஆக, 30-லிருந்து 40-க்கும் அங்கிருந்து 41-க்கும் போன ஒருவர்தான் மறுபடி கீழே வந்திருக்கிறார். இந்த ஏற்ற இறக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆளின் சுபாவத்தையும் சொல்லியாக வேண்டும். கூடை போட்டால் மார்பில் தட்டிக்கொள்வது, எதிரணிக்காரனை முறைப்பது, எதுவும் கிடையாது. போடாவிட்டாலும் அதே முகம். ஸ்கோர் பலகையை மறைத்துவிட்டு அவர் முகத்தை மட்டும் காட்டினால், அன்றைக்கு எத்தனை புள்ளி எடுத்தார் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு ஷூட்டருக்கு இதைவிட நல்ல குணம் அமையாது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நான்கு சென்டிமீட்டர்

தொலைக்காட்சியில் பார்க்கும்போது மூன்று புள்ளி ஷாட் சுலபமாகத் தெரியும். கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ரிங்கின் விட்டம் 18 அங்குலம், அதாவது 45.7 செ.மீ. பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. "அடேயப்பா, கிட்டத்தட்ட ரெண்டு பந்து போகும்போல இருக்கே" என்று தோன்றும். ஆனால் பந்து நேர் மேலிருந்து விழுவதில்லை, சாய்ந்து வருகிறது. 45 டிகிரி சாய்வில் வரும் பந்தின் கண்ணுக்கு அந்த வட்டம் நசுங்கி, முன்பின்னாக 32 செ.மீ. தான் திறந்திருக்கும். 24 செ.மீ. பந்துக்கு 32 செ.மீ. வாசல். முன்னால் நான்கு, பின்னால் நான்கு. அவ்வளவுதான் இடம்.

பக்கவாட்டுக் கணக்கு வேறு. கோட்டின் உச்சியிலிருந்து ரிங்கின் மையம் வரை 7.24 மீட்டர். அங்கிருந்து கை ஒரே ஒரு டிகிரி விலகினால், பந்து ரிங்கை எட்டும்போது 12 செ.மீ.க்கும் மேல் தள்ளிப் போயிருக்கும். விளிம்பைத் தொடாமல் நுழைய ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும் இடமோ 11 செ.மீ. கூட இல்லை. ஒரு டிகிரி பிசகினால் விளிம்பில் பட்டுவிடும். பட்ட பந்து உள்ளே விழுமா வெளியே விழுமா என்பது அந்தப் பந்துக்கே தெரியாது.

இதை இரண்டு மீட்டர் உயர ஆள் ஒருவன் கையை நீட்டிக்கொண்டு பாய்ந்து வரும்போது, முழு ஓட்டம் ஓடிய காலோடு, ஒரு நொடிக்குள் செய்ய வேண்டும். உலகத்திலேயே இதைச் சிறப்பாகச் செய்யும் நானூற்றுச் சொச்சம் பேர் கூடியிருக்கும் இடத்தில் சராசரி 36 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது. மூன்றில் இரண்டு தவறும் வேலை இது. தவறுவதுதான் இங்கே வழக்கம்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்

முர்ரேயின் இரண்டாம் சீசன் விகிதம் 35.8 சதவீதம். 41.1-லிருந்து 35.8. கேட்கும்போது ஆள் மாடியிலிருந்து விழுந்தமாதிரி இருக்கிறது. இதைப் பந்துக் கணக்காக மாற்றிப் பாருங்கள்.

இடைவெளி 5.3 சதவீதம், கிட்டத்தட்ட 19 ஷாட்டுக்கு ஒன்று. ஆட்டத்துக்குச் சுமார் ஏழு தடவை எறிகிறார். ஆக, முதல் சீசனோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்று ஆட்டத்துக்கு ஒரு பந்து குறைவாக உள்ளே போயிருக்கிறது. புள்ளியில் சொன்னால் ஆட்டத்துக்கு ஒன்றேகால் புள்ளிகூட இல்லை. ஒரு இளைஞனுடைய எதிர்காலத்தையே கேள்விக்குறியாக்கி நாம் அடித்த அரட்டை எல்லாம் மூன்று ஆட்டத்துக்கு ஒரு பந்துக்காக.

"அதெல்லாம் சரி, ஒரு முழு ஆட்டத்துல ஒண்ணுகூடப் போடலையே, அது சரிவு இல்லாம என்ன?" என்று கேட்பீர்கள். அதற்கும் கணக்கு இருக்கிறது. 36 சதவீத ஷூட்டர் ஏழு தடவை எறிந்து ஏழையும் விடுவதற்கான வாய்ப்பு நான்கு சதவீதத்துக்கும் சற்று மேல். 77 ஆட்டம் ஆடும் சீசனில் மூன்று முறையாவது அது நடக்கும் என்று எதிர்பார்க்கலாம். 41 சதவீத ஷூட்டருக்கே இரண்டு முறை நடக்கும். அந்த இரண்டும் மூன்றும் பிப்ரவரியில் தனித்தனியாக வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நவம்பரில், சீசன் தொடங்கிய சூட்டில், அடுத்தடுத்து வந்தால் போச்சு.

இன்னும் அடிப்படையான விஷயம் ஒன்று. ஒருவருடைய உண்மையான திறமை 38.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அவரை 500 பந்து எறியச் சொன்னால் சரியாக 38.5 வராது. பூவா தலையா சுண்டுவதைப் போல்தான், பத்துத் தடவை சுண்டினால் ஐந்து பூ என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. மூன்றில் இரண்டு பங்கு நேரம் 36-க்கும் 41-க்கும் நடுவே எங்காவது நிற்கும். மீதி நேரம் அதற்கும் வெளியே. அதாவது 41.1-ம் 35.8-ம் ஒரே ஆள், ஒரே கை, ஒரே திறமை, எந்த மாற்றமும் இல்லாமல் வரக்கூடிய இரண்டு எண்கள். டாரில் பிளாக்போர்ட் என்ற ஆய்வாளர் 2014-ல் இதை ஆராய்ந்து, ஒரு வீரரின் மூன்று புள்ளி விகிதத்தை ஓரளவுக்கு நம்புவதற்கே ஏறத்தாழ 750 எறிதல்கள் வேண்டும் என்று சொன்னார். முர்ரே முதல் சீசனில் எறிந்தது 501. நாம் அதைக் கல்வெட்டு என்று எடுத்துக்கொண்டோம்.

டேனியல் கானமன் சொன்ன ஒரு சம்பவம் இங்கே ஞாபகம் வருகிறது. பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கிய அந்த உளவியலாளர், இளமையில் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு வகுப்பெடுக்கப் போயிருந்தார். திட்டுவதைவிடப் பாராட்டினால்தான் மனிதர்கள் நன்றாகக் கற்றுக்கொள்வார்கள் என்று அவர் சொன்னதும், மூத்த பயிற்சியாளர் ஒருவர் எழுந்து மறுத்தாராம். பிரமாதமாக விமானம் ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த தடவை சொதப்புகிறான், சொதப்பியவனைக் கத்தினால் அடுத்த தடவை சரியாகச் செய்கிறான், இதை நான் கண்ணால் பார்க்கிறேன் என்று. அவர் பார்த்தது உண்மை. சொன்ன காரணம்தான் தப்பு. மிக நல்ல முயற்சிக்கு அடுத்தது பெரும்பாலும் அதைவிடச் சுமாராகத்தான் இருக்கும். மிக மோசமானதற்கு அடுத்தது அதைவிடத் தேவலையாகத்தான் இருக்கும். பாராட்டுக்கும் கத்தலுக்கும் அதில் பங்கில்லை.

இரண்டாம் ஆண்டுச் சரிவின் பெரும்பகுதி இதுதான். முதல் வருடம் சுமாராக ஆடிய ஐம்பது பேருடைய இரண்டாம் வருடத்தை யாரும் உட்கார்ந்து ஆராய்வதில்லை. சாதனை படைத்தவனைத்தான் பார்க்கிறோம். உச்சியில் நிற்பவனைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டு, "ஏன் இறங்கினே?" என்று கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்?

எல்லாமே அதிர்ஷ்டமா?

இல்லை. அப்படிச் சொன்னால் அதுவும் சோம்பேறித்தனம். ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வருடம் முர்ரேக்குக் கொடுத்த வேலையே மாறிப்போனது.

முதல் வருடம் அவர் மூலையில் நின்றால் போதும். டி'ஆரன் ஃபாக்ஸ் மின்னல் வேகத்தில் உள்ளே புகுவார். டொமான்டஸ் சபோனிஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலே நிற்பார், அவரைச் சுற்றி ஓடி வருகிறவன் பந்தை வாங்கி எறிவான். இந்த ஏற்பாடு அந்த வருடம் எதிரணிகளைத் திணறடித்தது. 2022-23 கிங்ஸ் அணியின் தாக்குதல், 100 பந்து வாய்ப்புக்கு 118.6 புள்ளி. அதுவரை என்பிஏ பார்த்ததிலேயே அதிகம். கோச் மைக் பிரவுனுக்கு அந்த வருடத்தின் சிறந்த பயிற்சியாளர் விருது ஒரு வாக்குகூடப் பிசகாமல் கிடைத்தது.

அடுத்த வருடம் மற்ற அணிகள் சும்மா இருக்குமா? கோடைகாலம் முழுக்க வீடியோ போட்டுப் பார்த்து சபோனிஸ் கையிலிருந்து பந்து போகும் பாதைகளை அடைத்தார்கள். கிங்ஸின் தாக்குதல் நடுவரிசைக்கு இறங்கியது. முர்ரே மட்டும் அல்ல, கெவின் ஹுவெர்ட்டரும் 40 சதவீதத்திலிருந்து 36-க்கு வந்தார். இரண்டு ஷூட்டர்கள் ஒரே அணியில் ஒரே வருடத்தில் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கினால், கையைச் சோதிப்பதற்கு முன்னால் சுற்றுப்புறத்தைச் சோதிக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது டிஃபென்ஸ். இரண்டாம் வருடம் பிரவுன் இந்தப் பையனிடம் ஒரு பெரிய பொறுப்பைத் தூக்கிக் கொடுத்தார். எதிரணியின் மிக ஆபத்தான ஆள் எவனோ அவனை நீ பிடி என்று. ஆறடி எட்டங்குல ஆள், தன்னைவிடச் சின்ன உருவமும் அதிக வேகமும் உள்ள கார்டுகளைத் துரத்திக்கொண்டு, ஒவ்வொரு ஸ்கிரீனிலும் முட்டி மோதி, குனிந்த முதுகோடு முழு ஆட்டமும் ஓட வேண்டும். பேஸ்கெட்பால் ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஷாட் போடுவது கை அல்ல, கால். தூரத்து ஷாட்டுக்கான விசை தொடையிலிருந்து வருகிறது. கால் களைத்தால் பந்து குட்டையாகப் போய் முன்விளிம்பில் அடிக்கும். நவம்பரில் முர்ரே எறிந்த பந்துகளில் நான் அதிகம் பார்த்தது அந்த முன்விளிம்பு அடியைத்தான்.

அதற்குக் கிடைத்த கைம்மாறு விகிதப் பட்டியலில் வராது. ஒரு வருடத்துக்கு முன்னால் டிஃபென்ஸில் ஒளித்து வைக்க வேண்டியிருந்த பையன், அணியின் முதல் டிஃபெண்டர் ஆனார். ஆட்டத்துக்கு எடுத்த புள்ளிகளும் 12.2-லிருந்து 15.2 ஆனது. ரீபவுண்டும் ஏறியது. மூன்று புள்ளி என்ற ஒரே ஒரு வரியை மட்டும் படித்தால் சரிவு, முழுப் பக்கத்தையும் படித்தால் வளர்ச்சி.

டிசம்பர் 16

இனி அந்த ராத்திரிக்கு வருவோம். 2023 டிசம்பர் 16, சனிக்கிழமை, சாக்ரமென்டோ. நமக்கு ஞாயிறு காலை. எதிரில் யூட்டா ஜாஸ். முர்ரே முதல் ஷாட்டைப் போட்டார், உள்ளே. இரண்டாவது, உள்ளே. மூன்றாவது, நான்காவது என்று போய்க்கொண்டே இருக்கிறது. எட்டாவது, ஒன்பதாவது வரும்போது அரங்கமே எழுந்து நிற்கிறது. கூட ஆடுகிறவர்கள் தங்களுக்கு லேஅப் கிடைத்தாலும் வேண்டாம் என்று அவரைத் தேடிப் பந்தைக் கொடுக்கிறார்கள். தொடர்ந்து 11 மூன்று புள்ளி, ஒன்றுகூடத் தவறாமல். 12-வதைத்தான் விட்டார். ஆட்டம் முடிந்தபோது 15 எறிந்து 12 உள்ளே, மொத்தம் 47 புள்ளி. என்பிஏவில் ஒரே ஆட்டத்தில் அதிகபட்சம் 14. அது கிளே தாம்ப்சன் 2018-ல் சிகாகோவுக்கு எதிராகப் போட்டது. முர்ரே அதற்கு இரண்டே படி கீழே. அந்த ராத்திரியிலும் முகம் அதே முகம்தான்.

அன்று எங்கள் குழுவில் பேச்சு அப்படியே திரும்பியது. "திரும்பி வந்துட்டான்டா!" சரிவு முடிந்துவிட்டதாம். சினிமாவாக இருந்தால் அங்கேதான் இடைவேளை விட்டிருப்பார்கள்.

அதுவும் தப்பு. டிசம்பர் 16-க்குப் பிறகும் முர்ரே சாதாரண ஷூட்டராகத்தான் ஆடினார். அந்த 12-ஐயும் சேர்த்துத்தான் சீசன் கணக்கு 35.8. நவம்பரை வைத்து முடிந்தது என்று சொன்னது எவ்வளவு அவசரமோ, ஒரு ராத்திரியை வைத்து மீண்டுவிட்டான் என்று சொன்னதும் அவ்வளவு அவசரம்.

கை சூடாக இருக்கிறது என்று ஒன்று உண்டா என்பதே பெரிய சர்ச்சை. 1985-ல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி மூவரும் ஃபிலடெல்ஃபியா அணியின் ஷாட்களை எடுத்து அலசி, அப்படி ஒன்று இல்லை, நம் கண்ணின் மயக்கம் என்றார்கள். முப்பது வருடத்துக்கும் மேலாக அதையே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018-ல் மில்லர், சான்ஹுர்ஹோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், அந்தக் கணக்கு போட்ட முறையிலேயே நுணுக்கமான ஒரு சாய்வு இருக்கிறது, அதைத் திருத்தினால் கை சூடு கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது என்று காட்டினார்கள். ஆக, இருக்கலாம்; ஆனால் ரசிகர்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. சூட்டுக்கு இது பொருந்தினால் குளிருக்கும் பொருந்தும்.

எதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும்?

சரி, உண்மையான சரிவே கிடையாதா? உண்டு. அதற்கு மார்கெல் ஃபுல்ட்ஸைப் பார்க்க வேண்டும். 2017 டிராஃப்டில் முதல் ஆள். கல்லூரியில் மூன்று புள்ளி விகிதம் 41 சதவீதம். என்பிஏவுக்குள் வந்ததும் அவருடைய ஷாட்டின் வடிவமே கலைந்துபோனது. பந்தைத் தூக்கும்போது கை நடுவில் தடுக்கும். ஃப்ரீ த்ரோ எறியும்போதுகூடப் பந்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு விக்கிக்கொண்டு போகும். அவர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவதையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். இரண்டாம் சீசனில், 2018 டிசம்பரில், கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் நரம்புகள் நெருக்கப்படும் கோளாறு என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அது சரிவு. அங்கே விகிதத்தைப் பார்க்கவே தேவை இருக்கவில்லை. பந்து கையை விட்டுப் போகவே மறுத்தது.

ஜேசன் டேட்டமின் கதை இன்னொரு வகை. பாஸ்டன் அணியில் முதல் வருடம் 43.4 சதவீதம். இரண்டாம் வருடம் 37.3. அவரிடம் மாறியது கை அல்ல, தேர்வு. இடையில் வந்த கோடைகாலத்தில் கோபி பிரையன்ட்டோடு பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவர், தூரத்து இரண்டு புள்ளி ஷாட்களை அதிகம் எறியத் தொடங்கினார். கடினம் அதிகம், கூலி குறைவு. மூன்றாம் வருடம் அதைக் குறைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நகர்ந்தார். விகிதம் 40-ஐத் தாண்டியது, ஆல்-ஸ்டார் ஆனார், 2024-ல் கோப்பையும் வென்றார். இரண்டாம் ஆண்டோடு அவரை மூட்டை கட்டியவர்கள் இப்போது வாயைத் திறப்பதில்லை.

இந்த மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்று புலப்படும். எத்தனை உள்ளே போகிறது என்பதைப் பார்த்து நாம் பதறுகிறோம். பார்க்க வேண்டியது எத்தனை எறிகிறான், எங்கிருந்து எறிகிறான் என்பதை. விகிதம் அவன் கையில் பாதிதான் இருக்கிறது. எறிவதா வேண்டாமா என்பது முழுக்க அவன் கையில். ஃபுல்ட்ஸின் எறிதல்கள் மறைந்துபோயின. டேட்டமின் எறிதல்கள் இடம் மாறின. முர்ரே? முதல் வருடம் ஆட்டத்துக்கு ஆறேகால் எறிந்தவர், அத்தனை பேச்சும் கேட்ட இரண்டாம் வருடத்தில் ஏழுக்கு மேல் எறிந்தார். பந்து போகாத காலத்தில் அதிகமாக எறிந்தவனை நான் சரிவில் இருந்தவன் என்று சொல்ல மாட்டேன். முகம் மாறாத குணத்தைப் பற்றி முன்னால் சொன்னேனே, அதற்கு வேலை இங்கேதான். ஐந்து தவறிய பிறகு ஆறாவதை எறியத் தயங்காத மனசு இருந்தால்தான் ஏழாவது உள்ளே போகும்.

2024 ஏப்ரல் 16, பிளே-இன் ஆட்டம். தோற்றால் வீட்டுக்கு. எதிரில் கோல்டன் ஸ்டேட், முந்தைய வருடம் இதே கிங்ஸை முதல் சுற்றிலேயே வெளியேற்றிய அணி. முர்ரே எட்டு மூன்று புள்ளிகள் போட்டு 32 எடுத்தார். கிங்ஸ் 118-94 என்று வென்றது. அதே தரையில் எதிரணிக்காக ஆடிய கிளே தாம்ப்சன், ஒரே ஆட்டத்தில் 14 போட்ட அதே ஆள், பத்து எறிந்து பத்தையும் விட்டார். பூஜ்யம் புள்ளி. கோல்டன் ஸ்டேட் சட்டையில் அவருடைய கடைசி ஆட்டமும் அதுதான். எவ்வளவு பெரிய ஷூட்டருக்கும் இது நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மூன்று நாள் கழித்து நியூ ஆர்லியன்ஸிடம் கிங்ஸ் தோற்று வெளியேறியது.

மிச்சக் கணக்கு

இந்த இடத்தில் பதிவை முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் மூன்றாம் சீசனையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. 2024-25-ல் முர்ரேயின் விகிதம் இன்னும் இறங்கி 34.3 ஆனது. அந்த வருடம் அணியே குலைந்தது. டிசம்பரில் பிரவுனை நீக்கினார்கள், பிப்ரவரியில் ஃபாக்ஸ் சான் அன்டோனியோவுக்குப் போனார்.

மூன்று வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால் என் தீர்ப்பு இது. முர்ரே 41 சதவீத ஷூட்டராக ஒருபோதும் இருந்ததில்லை. அவர் 37-ஐ ஒட்டிய ஆள். முதல் வருடம் காற்று சாதகமாக அடித்தது, மூன்றாம் வருடம் எதிராக அடித்தது. இரண்டாம் வருடம், நாம் சரிவு என்று கூப்பாடு போட்ட அந்த வருடம், அவருடைய உண்மையான அளவுக்கு மிக அருகில் இருந்த வருடம். விசித்திரமாக இருந்ததும் விளக்கம் தேவைப்பட்டதும் முதல் வருடம்தான். அதற்கு மட்டும் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அது பரவாயில்லை, சந்தோஷத்துக்குக் காரணம் கேட்கும் பழக்கம் ரசிகர்களுக்கு இல்லை.

இதையெல்லாம் நான் சொல்லி சாக்ரமென்டோ நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. மூன்று வருட எண்களையும் கையில் வைத்துக்கொண்டு, 2025 அக்டோபரில் முர்ரேயோடு புது ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்து வருடம், 14 கோடி டாலர். டிஃபென்ஸ் பிடித்துக்கொண்டு, ரீபவுண்டு எடுத்துக்கொண்டு, தவறினாலும் எறிவதை நிறுத்தாத 37 சதவீத ஷூட்டருக்கு அதுதான் சந்தை விலை.

உங்களுக்குப் பிடித்த பையன் யாராவது இப்போது இரண்டாம் சீசனில் தடுமாறிக்கொண்டிருந்தால், விகிதத்தை மார்ச் வரைக்கும் திறந்து பார்க்காதீர்கள். எத்தனை எறிகிறான் என்பதை மட்டும் எண்ணுங்கள். அது குறையத் தொடங்கினால் சொல்லுங்கள், சேர்ந்து கவலைப்படுவோம்.